கரி நார் கவர்

என் மாப்பிள்ளை தன் சட்டையைத் தானே துவைக்க ஆரம்பித்த அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்துப் பார்க்காத மனிதர். கோவிலம்பாக்கத்து வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதும் நேராகக் குளியலறைக்குப் போனார். குளித்தார். போட்டிருந்த சட்டை பேண்ட்டைத் தனி வாளியில் அலசினார். மொட்டை மாடியில் எங்கள் துணிமணிக்கெல்லாம் எட்டாத தூரத்தில், ஓரத்துக் கொடியில் கொண்டுபோய்ப் போட்டார். வீட்டில் வாஷிங் மெஷின் சும்மா நிற்கிறது. அதற்கு அருகில்கூட அந்தத் துணியைக் காட்டவில்லை.

ஆம்பிளை ஒருத்தன் திடீரென்று சுத்தக்காரனாகிவிட்டால் அதற்குப் பின்னால் ஒரு பொம்பிளை இருப்பாள் என்பது என் கட்சி. இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாவதோடு முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் ரேஷன் கடை வரிசையிலும் தண்ணீர் லாரி வரிசையிலும்.

மறுநாள் அவர் துவைக்கும் முன்னால் சட்டையை எடுத்துப் பார்த்தேன். காலரில் கறுப்பாக, பளபளவென்று ஒரு தீற்றல். கண்மை. முகர்ந்து பார்த்தேன். மல்லிகைப்பூ வாசனை இல்லை, பவுடர் வாசனை இல்லை. பிளாஸ்டிக்கைத் தீய்த்த மாதிரி ஒரு நெடி. இப்படி ஒரு சென்ட் போட்டுக்கொள்கிறவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலித்தது.

அந்த வாரமே கட்டை விரலில் ஒரு கட்டோடு வந்தார்.

"இன்னா மாப்ளே, வெரல்ல?"

"பைக் செயின்ல மாட்டிகிச்சு அத்தை."

அவர் பைக்குக்குச் செயின் வெளியே தெரியாதபடி மூடி போட்டிருக்கிறது. நான் தினமும் அதன் மேல்தான் கால் துடைக்கிற துணியைக் காயப்போடுகிறேன். சந்தேகத்தை உடனே கேட்டுவிட்டால் அது கேள்வியாகிவிடும். ஊறுகாய் மாதிரி ஊறவிட்டால்தான் ருசி.

இவர் யார், என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். மறைமலை நகரில் கார் கம்பெனி ஒன்றில் நல்ல வேலையில் இருந்தார். அதை விட்டுவிட்டு வண்டலூர்ப் பக்கம் ஒரு தகர ஷெட் எடுத்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி கடைகிற மெஷின் ஒன்றை வைத்தார். செய்வது போன் கவர். கடையில் தொங்குகிற ரப்பர் கவர் இல்லை. நாரைத் துணி மாதிரி நெய்து, பசையில் ஊறவைத்து, அச்சில் வைத்து வேகவைத்தால் ஆமை முதுகு மாதிரி மெல்லிசான, கெட்டியான ஒரு கூடு கிடைக்குமாம். அப்படி வெந்து வருகிற கூட்டை வாங்கி, கேமராவுக்கு, சார்ஜருக்கு, பட்டனுக்கு என்று துளை போட்டு, ஓரத்தைச் சீவிக் கொடுப்பார். கவர் என்பது கீழே விழுந்தால் அடிபடாமல் இருக்கத்தானே, இதற்கு ஏன் கம்பெனி வேலையை விடவேண்டும் என்று என் மகளுக்கு அன்றைக்கே கோபம்.

மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். இன்டர்வெல் மணி அடித்தால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஓடும், இவள் புருஷனுக்குப் போன் போட ஓடுவாள். போன ஆடி வரைக்கும் அவர் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் திடீரென்று நின்றுபோனது.

"ம்மா, காலைலேர்ந்து ட்ரை பண்றேன். நாட் ரீச்சபிள்னே வருது."

"யாரு எடுக்கறா?"

"யாரும் எடுக்கலம்மா. ரெக்கார்டட் வாய்ஸ்."

"பொம்பள கொரலா?"

"ம்மா!"

நான் விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவள் விளையாடவில்லை. ஒருநாள் பரணிலிருந்து நீல நிற டிராலிப் பெட்டியை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சின்னதாக ஒரு பூட்டு மாட்டியிருந்தாள்.

"இது இன்னாடி?"

"எனக்கும் பாப்பாவுக்கும் டிரெஸ். வேற யாராச்சும் இருக்காங்கன்னு தெரிஞ்சா நான் இங்க ஒரு நாள் இருக்க மாட்டேன். ஸ்கூல் பக்கத்துலயே ரூம் பாத்துட்டேன். நீ வர்றதுன்னா வா, இல்லன்னா உன் மாப்பிள்ளைக்கு ரசம் வெச்சுக் குடுத்துகிட்டு இங்கயே இரு."

சந்தேகப்படுகிற வேலை என்னுடையது. பெட்டி கட்டுகிற வேலை என் சந்தேகத்தில் எப்போதும் இருந்ததில்லை. காலர் கண்மையைப் பற்றி இவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் சொல்லியாகிவிட்டது. சரி, பிடிக்க வேண்டியதைக் கையும் களவுமாகப் பிடிப்போம், இல்லையென்றால் இல்லை என்று தெரிந்துகொள்வோம் என்று முடிவு செய்தேன்.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். "மாப்ளே, வூட்ல குந்திகினு சீரியல் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சு. ஷெட்டுல எனக்கு ஏதாச்சும் வேல குடுங்க."

அவருக்குப் புரை ஏறியது. அதையும் குறித்துக்கொண்டேன்.

"அங்க ஒரே தூசி அத்தை. அரிக்கும்."

"எனக்கு அரிக்காத எடமே இல்ல. இட்டுகினு போங்க."

ஷெட் என்றால் ஒரு அறை அளவுக்குக் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் மெஷின். ஒரு பெரிய குழாய் தூசியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கூண்டுக்கு வெளியே ஒரு மேசை. அதில் ஒரு பெண் உட்கார்ந்து ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கிராமத்துக்காரி, கழுத்தில் சிலுவை டாலர், நைட்டிக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. கண்ணில் மை. அடடா, முதல் நாளே மாட்டிக்கொண்டாளே என்று நினைத்தேன்.

"வா ஆயா, குந்து. கைல எண்ண கிண்ண தடவிக்கினு வந்தியா?"

"தேங்கா எண்ண. அரிக்கும்னு மாப்ள சொன்னாரு, அதான் நெறைய பூசிக்கினேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "போச்சு போ! எண்ண பூசுனா தூசு மொத்தமும் ஒட்டிக்கும். போயி சில்லுனு தண்ணில கழுவிகினு வா. சுடுதண்ணி ஊத்திடாத, தோலுக்குள்ள பூந்துக்கும்."

அவள் சொன்னது நிஜம்தான் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துபோனது. கண்ணுக்குத் தெரியாத முள் ஆயிரம் குத்தின மாதிரி கையெல்லாம் நமைச்சல். வீட்டுக்கு வந்ததும் நானும் செருப்பைக் கழற்றி நேராகக் குளியலறைக்குத்தான் போனேன். என் துணியையும் தனி வாளியில்தான் போட்டேன். அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை வாஷிங் மெஷினை ஏன் ஒதுக்கினார் என்று. பேத்தி போடுகிற கவுனில் அந்த முள் ஏறினால் என்ன ஆகும்? முதல் சந்தேகம் செத்தது. வருத்தமாகக்கூட இருந்தது, நல்லா வளர்த்த சந்தேகம்.

என் வேலை மேசையில், அவளுக்கு எதிரில். ஷெட்டில் இரண்டு வகை நார் உண்டு. ஒன்று கரி நார், கார்பன் என்பார்கள். அதில் பைக்குக்குத் தகடு, மூடி எல்லாம் கடைவார். இன்னொன்று மஞ்சள் நார். அதற்கு அராமிட் என்று ஒரு பெயர், சாமி பெயர் மாதிரி இருக்கும். போன் கவரெல்லாம் அதில்தான். மஞ்சள் நாருக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிவிட்டால் பார்ப்பதற்குக் கரி நார் மாதிரியே இருக்கும். ஆனால் மெஷின் அறுத்ததும் ஓரத்தில் பூனைக்குட்டி முடி மாதிரி பிசிறு பிசிறாக நிற்கும். அதைக் கத்தரித்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் விரலை வைத்தால் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும். கரி நாருக்கு அந்தத் தொல்லையே இல்லை, பிசிறாது. ஆனால் அதன் தூசி கறுப்பாகப் பளபளக்கும். அந்தப் பெண் ஒருநாள் தூசி படிந்த கையால் கண்ணைக் கசக்கிவிட்டு, அதே கையால் என் தாடையைத் தொட்டுப் பேசினாள். வீட்டில் கண்ணாடியில் பார்த்தேன், தாடையில் கண்மை. மாப்பிள்ளை காலரில் இருந்த அதே கண்மை, அதாவது கரி நார்த் தூசி. இரண்டாவது சந்தேகமும் போனது.

ஆனால் போன் சமாசாரம் மட்டும் போகவில்லை. ஷெட்டில் உட்கார்ந்தால் சில நாள் காலையில் மிருகக்காட்சி சாலைச் சிங்கம் கத்துவதுகூடக் கேட்கும். மாப்பிள்ளை போன் அடிப்பது கேட்காது. தகரக் கூரை என்பதால் டவர் கிடைக்காது என்று அவர் மகளிடம் சொல்லியிருந்தார். அப்படியென்றால் அதே தகரத்துக்கு அடியில் என் போன் எப்படி அடிக்கிறது? மகள் தூக்கிப் போட்ட பழைய போன் அது. அதில் அவள் என்னை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் இருக்காராம்மா?"

"கீறாரு."

"பக்கத்துல யாரு?"

"நான்தான் கீறேன்."

"வேற?"

"ஒரு சிங்கம்."

"ம்மா, விளையாடாத. நான் இங்க அழுதுட்டிருக்கேன்."

வாடிக்கைக்காரர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தேன். ஓரம் தேய்க்கிற பெண்ணின் மேசையில் ஒரு பட்டன் போன் இருந்தது. அவர்கள் அதில் கூப்பிடுவார்கள். இவள் எடுத்து, "மெசின் ஓடிக்கினு கீது, நின்னதும் அண்ணன் பேசுவாரு" என்று வைத்துவிடுவாள். ஊருக்கெல்லாம் ஒரு நம்பர் இருக்கிறது, கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் இல்லை. எனக்கு ரத்தம் சூடேறியது.

ஒருநாள் மாப்பிள்ளை டீ குடிக்க வெளியே போனார். அவர் போன் மேசை மேல் இருந்தது. எடுத்தேன். திறந்து பார்க்க எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் பார்த்திருப்பேன். கவரின் ஓரத்தைத் தடவினேன். நாள் முழுக்க அதையே தடவுகிற விரல். பிசிறு இல்லை. சொரசொரப்பு இல்லை. கண்ணாடி மாதிரி வழுக்கியது.

"ஏம்மா, இது மஞ்ச நார் இல்லியே?"

அவள் எட்டிப் பார்த்தாள். "அது கரி நாரு ஆயா. மொத மொதல்ல அதுலதான் கவரு செஞ்சிப் பாத்தோம். ஷோக்கா இருந்திச்சு. ஆனா போட்டா டவரு கெடைக்காது. வெளில சுமாரா வரும், ஷெட்டுக்குள்ள வந்தா சுத்தமா பூடும். அதான் எல்லாத்தையும் அந்தக் கூடைல கடாசிட்டோம்."

மூலையில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையக் கறுப்புக் கவர்கள்.

"மாப்ளைக்கு இது தெரியுமா?"

"அவரு சொல்லித்தான எனக்கே தெரியும்!"

ஆக, தெரிந்தே போட்டிருக்கிறார். விற்கக் கூடாது என்று கூடையில் எறிந்ததை எடுத்துத் தன் போனுக்கு மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தால் அடிக்கும், ஷெட்டில் இருந்தால் அடிக்காது. செத்துப்போன சந்தேகமெல்லாம் உயிரோடு எழுந்து வரிசையில் நின்றது.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அந்தப் பெண் கை கழுவப் போயிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"மாப்ளே, யாருக்காவ இந்தக் கரி மூடி?"

அவர் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். "அத்தை..."

"எம் பொண்ணு பொட்டி கட்டி வெச்சிகினு கீறா. கட்டிலுக்கு அடில. நீல கலரு. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துமா சும்மா கீறீங்க?"

அவர் கட்டை விரலை நீட்டினார். கட்டு எப்போதோ அவிழ்ந்திருந்தது. பாதி நகம் இல்லை. "இது செயின் இல்ல அத்தை. மெஷின் நின்னப்புறமும் அதுல துளை போடற பிட்டு கொஞ்ச நேரம் சுத்தும். அது நிக்கற வரைக்கும் கை வைக்கக் கூடாது. அன்னிக்கு கவரை எடுக்கப் போனேன், பாக்கெட்ல போன் அடிச்சுது, பதறிப் போய் கை வெச்சுட்டேன்."

"யாரு போனு?"

"உங்க பொண்ணுதான். 'சாப்டீங்களா'ன்னு கேக்கத்தான் கூப்ட்டா. எப்பவும் அதைத்தான் கேப்பா. அதை எப்படி அவகிட்ட சொல்றது? நீ 'சாப்டீங்களா'ன்னு கேட்டதால வெரல் போச்சுன்னா அவ அப்புறம் சாப்டுவாளா? சைலன்ட்ல போட்டேன். வைப்ரேட் ஆனாலே திக்குங்குது. ஆஃப் பண்ணா ஏன் ஆஃப் பண்ணீங்கன்னு கேப்பா. கூடைல இது கெடந்துச்சு."

நன்றாகத்தான் சொன்னார். நன்றாகச் சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்தப் பெண் வந்ததும் அவளைத் தனியாகக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் சொல்லாமல் கேட்பது போலீஸ்காரர்களுக்கு மட்டுமா தெரியும்?

"அண்ணன் கட்ட வெரலு எப்டிம்மா போச்சு?"

"அய்யோ ஆயா, அத்த ஏன் கேக்கற! போன் அடிச்சிது, மனுசன் உள்ள கைய வுட்டாரு. நகம் பேந்துகினு பூடுச்சு. ரத்தத்த பாத்ததும் பொத்துனு மயக்கம் போட்டு உய்ந்துட்டாரு. எந் துப்பட்டாவக் கியிச்சுத்தான் கட்னேன்."

மயக்கம் போட்டதை மாப்பிள்ளை சொல்லவில்லை. அதனால்தான் நம்பினேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தால் மனப்பாடம் என்று அர்த்தம். பாதி மட்டும் பொருந்தி, மீதியில் ஒருத்தருக்கு வெட்கம் இருந்தால் அது நடந்த கதை.

"அவகிட்ட சொல்லிடாதீங்க அத்தை," என்றார் மாப்பிள்ளை. "சொன்னா இந்த வேலையே வேணாம்பா. நானே நேரம் பாத்து சொல்றேன்."

சரி என்று தலையாட்டினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எனக்கு எல்லாக் கெட்ட பழக்கமும் உண்டு. போனில் மகளிடம் பொய் சொல்வது மட்டும் வராது, குரலிலேயே பிடித்துவிடுவாள். அவளோ இன்டர்வெல்லுக்கு இன்டர்வெல் கூப்பிடுகிறாள். அந்தக் கூடையைப் பார்த்தேன். என் பழைய போனுக்கும் ஒன்று கிடந்தது. எடுத்து மாட்டினேன். மாட்டியதும் என்ன ஒரு அமைதி! சிங்கம் மட்டும் கத்தியது.

அடுத்த நாள் காலையில் ஷெட் வாசலில் ஆட்டோ சத்தம். மகள் இறங்கினாள். ஸ்கூலுக்குக் கட்டின புடவை, கலைந்த தலை. ஆட்டோக்குள் நீல டிராலி நின்றுகொண்டிருந்தது. மெஷின் அப்போதுதான் நின்றிருந்தது. மாப்பிள்ளை கூண்டைவிட்டு வெளியே வந்தார்.

"அவருக்குத்தான் டவர் இல்ல," என்றாள் என்னைப் பார்த்து. "நேத்து மத்தியானத்திலேர்ந்து உனக்கும் இல்ல. இன்னிக்கு காலைலயும் இல்ல. ராத்திரி வீட்டுல கேட்டா தூங்கிட்ட மாதிரி நடிக்கிற. நீயும் சேந்துகிட்டியாம்மா?"

என் வாழ்க்கையில் என்னை ஒருத்தர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. ரொம்ப அசிங்கமாக இருந்தது. மாப்பிள்ளைக்கு இத்தனை நாளாக இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மேசை மேல் எங்கள் இருவர் போனும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கறுப்புச் சட்டை போட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கிடந்தன. மகள் கண் அதில் விழுந்தது. அடுத்து அந்தப் பெண் மேல் விழுந்தது, அவள் கண் மையில் நின்றது. தொலைந்தோம் என்று நான் முந்தானையைச் செருகினேன்.

அந்தப் பெண்ணோ மகளைப் பார்த்து முகமெல்லாம் பல்லாக எழுந்தாள். "வாங்க அண்ணி! நீங்கதான சாப்டீங்களா அண்ணி?"

"என்னது?"

"அண்ணனுக்கு வெரலு போச்சே, அன்னிக்கு சாப்டீங்களான்னு கேக்கறதுக்கு போன் பண்ணது நீங்கதான? நாங்க உங்களுக்கு அந்தப் பேருதான் வெச்சிகீறோம்." சொல்லிக்கொண்டே வந்தவள் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் போய் அந்தக் கையை இழுத்தாள். கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"செயின்னு சொன்னீங்க."

"ம்."

"என் போனாலயா?"

"நின்னப்புறம் கை வெச்சிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இரண்டு போனையும் எடுத்தாள், கவரை உரித்தாள், கூடையில் வீசினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் மாறி மாறி டிங் டிங் என்று கத்த ஆரம்பித்தன, அவள் அனுப்பின மெசேஜ் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தது. அவ்வளவும் அவளையே திட்டுகிற மாதிரி அவள் முகம் சுருங்கிப்போனது.

"இப்ப சாப்டீங்களா, இல்லியா?" என்று கேட்டாள். கேட்கிற தோரணையில் கொலை இருந்தது.

"இன்னும் இல்ல."

மேசையில் இருந்த இன்னொரு போனைக் காட்டினாள். "அந்த பட்டன் போன் நம்பர் குடுங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்தப் பெண்தான் நம்பரைச் சொன்னாள். "மெசின் ஓடுச்சின்னா ஓடுதும்பேன், நின்னா குடுப்பேன். கோச்சுக்கக் கூடாது அண்ணி."

"கோச்சுக்க மாட்டேன். ஆனா அந்தப் பேரை மாத்துங்க."

"வேற இன்னா பேரு வெக்கறது? இதான் நல்லா கீது!"

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "இன்னாம்மா, பொட்டிய எறக்கறதா, எங்கியாவது போறதா?"

"எறக்குப்பா," என்று சொல்லிக்கொண்டே நான்தான் போனேன். இரண்டு பேருடைய துணிமணியும் இருக்கிற பெட்டியாயிற்றே, மூட்டு வலிக்காரி நான், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். இழுத்த வேகத்தில் பின்னால் விழப் பார்த்தேன். பெட்டி ஒற்றைக் கையில் வந்துவிட்டது. காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு ஊசி உருளுகிற சத்தம்கூட இல்லை.

ஷெட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாலேயே "சும்மா இரு" என்றாள்.

அன்று சாயங்காலம் பெட்டியைப் பரணில் ஏற்றும்போதுதான் தனியாக மாட்டினாள்.

"ஏண்டி, எப்ப காலி பண்ண?"

"நான் எப்பம்மா ரொப்புனேன்?"

"காலிப் பொட்டிக்கு இன்னாத்துக்குடி பூட்டு?"

"நீ தொறந்து பாப்பன்னு தெரியும்."

பரண் கதவைச் சாத்தினாள். கட்டிலுக்கு அடியில் நான் எத்தனை தடவை குனிந்து அந்தப் பூட்டை ஹேர்பின்னால் நெம்பியிருப்பேன் என்று இவளுக்கு யார் சொன்னார்கள் என்பதுதான் இப்போது என் சந்தேகம்.